பாதிவரை போட்ட செங்கல்

“…கல்லு இல்லம்மா அது, கால் தடம். அவ வீட்டுக்கு வரல, வீட்டை விட்டுப் போறா,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. விரலெல்லாம் அரிசி மாவு. படத்தில் ஒட்டிவிடக் கூடாதென்று ஓர் அங்குலம் தள்ளியே வைத்துக் காட்டினார். நான் சல்லடையைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றிருந்தேன்.

இந்தப் பேச்சு விளங்க வேண்டுமானால் முதலில் அந்தப் படத்தைச் சொல்ல வேண்டும். அக்கா ஏன் நான்கு மாதமாக அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். எட்டாவதோடு நிறுத்தப்பட்ட படிப்பு. அதன்பிறகு நான் படித்ததெல்லாம் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களும், மனிதர்கள் பேசுகிற பேச்சும்தான். பொட்டலக் காகிதத்தில் கதை பாதியில் கிழிந்துவிடும். மனிதர்கள் அப்படியில்லை, கேட்டால் முடிவு வரைக்கும் சொல்லுவார்கள்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடும் அக்கா வீடும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். பின்கட்டில் அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், மூன்று நாளைக்கு ஒருமுறை வருவார். அவர் இல்லாத நாட்களில் என் மாமியாரின் சட்டம் ஒன்றுதான்: “பின்னால போ, பின்னால வா. தெரு பக்கம் உனக்கு இன்னா வேலை?” மாமியார் கூட வந்தால் மட்டும் தெரு. அதனால் எனக்கு ஊர் என்பது அந்தச் சின்னக் கதவுக்கு அப்பால் இருந்த அக்கா வீடுதான்.

அக்கா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பிள்ளைகள் இல்லை. அவர் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெத்தைக் கடை வைத்திருந்தார். பஞ்சு அடித்து, நிரப்பி, மெத்தையும் தலையணையும் செய்கிற கடை. அவர் அப்பாவுக்கு அப்பா காலத்திலிருந்தே அந்தத் தொழில்தான். உறை தைப்பது அக்கா. வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் மிதி மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே மாடியில் ஒரே ஓர் அறை. ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். அறைக்கு வந்தவர்கள் முதல் வாரத்திலேயே கீழே அக்காவிடம் சொல்லி ஒரு மெத்தை வாங்கிக்கொள்வார்கள். “மேல படுக்க வர்றவங்க கீழ படுக்கை வாங்குவாங்க,” என்று சொல்லிச் சிரிப்பார் அந்த மனிதர்.

அப்படி ஒரு மார்கழியில் வந்து தங்கிய வெள்ளைக்காரம்மா வரைந்ததுதான் அந்தப் படம். ஒட்டுப்பலகையில் எண்ணெய்ச் சாயம். ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோக முடியாமல் அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை. அதில் இரண்டைப் படத்துக்குச் செலவு செய்தார்: “அம்மா ஊரு.” வெள்ளையாகக் கிடப்பதைக் காட்டி “ஐஸ்” என்றார். அவ்வளவுதான். மற்றதையெல்லாம் நாங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

படம் இப்படி இருக்கும். சரிந்த கூரையோடு இரண்டு வீடுகள். கூரை, வேலி, தரை எல்லாம் ஒரே வெள்ளை. வானம் அரிசி கழுவிய தண்ணீர் நிறம். இலை ஒன்றுகூட இல்லாத மரங்கள், துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்ததுபோல. ஒரு மூலையில் ஒரு ஆள் சக்கரமே இல்லாத பலகையில் விறகை ஏற்றி இழுத்துக்கொண்டு போகிறான். வைக்கோல் போர் மேலே மூன்று காக்கைகள். எங்களுக்குத் தெரிந்த முகம் அந்தப் படத்தில் அந்தக் காக்கைகள் மட்டும்தான். முன்னால் இருக்கிற வீட்டில் ஜன்னல் மஞ்சளாக எரிகிறது, கூரையில் புகை. அந்த வீட்டு வாசலுக்கும் வேலிப் படலுக்கும் நடுவில் சிவப்புப் போர்வை போர்த்திய ஒரு பொம்பளை நிற்கிறாள். தலையோடு மூடியிருப்பதால் முகம் எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று தெரியாது. வாசலிலிருந்து அவள் நிற்கிற இடம் வரைக்கும் நீலக் கறுப்பாக வரிசையாகச் சின்னச் சின்னத் திட்டுகள். அவளுக்கும் படலுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, வழவழவென்று வெள்ளை.

அந்தத் திட்டுகள் என்ன என்பதில் எங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. செங்கல். ஐப்பசி மழையில் எங்கள் சந்து முழங்கால் சேறாகிவிடும். தெருவிலிருந்து வாசலுக்கு வர அடிக்கு ஒரு செங்கல்லாகப் போட்டு வைப்போம். அதன் மேல் தாண்டித் தாண்டித்தான் எல்லாரும் வீடு சேருவார்கள். அந்த ஊர்க்காரர்களும் போட்டிருக்கிறார்கள், பாதியில் கல் தீர்ந்துவிட்டது. பாவம், அந்தப் பொம்பளை தெருவிலிருந்து சேற்றில் நடந்து, இப்போதுதான் முதல் கல்லுக்கு வந்திருக்கிறாள். இனி வீடுதான். உள்ளே அடுப்பு எரிகிறது. போய்க் குளிர் காய வேண்டியதுதான். இதுதான் நாங்கள் எல்லாரும் படித்த படம்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு மட்டும் வேறு கவலை. வெள்ளை முழுவதும் அவர் கண்ணுக்குப் பஞ்சுதான். “ஊரு பூரா பஞ்சு சும்மா கெடக்குது. அந்த ஊர்ல எனக்குப் பொழப்பே நடக்காது,” என்பார்.

அந்த மனிதர் ஒரு ஆவணிக் கடைசியில், கடையில் பஞ்சு மூட்டைக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அக்கா இத்தா இருந்தார். புருஷன் போனால் முஸ்லிம்களான அவர்கள் வழக்கப்படி நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. வெளி ஆண்கள் எதிரே வரக் கூடாது. பூ, வாசனை, கலர்த் துணி எதுவும் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அக்காவும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. “அவருக்காக நான் செய்யிற கடைசி வேலை இது. அரைகுறையா செய்ய மாட்டேன்,” என்றார். அவரை மூச்சு முட்ட வைத்தது வேறு.

முதல் நாற்பது நாள் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூடத்தில் பாயில் உட்கார்ந்து அழுவார்கள், ஆறுதல் சொல்லுவார்கள். சொல்ல இருப்பதெல்லாம் தீர்ந்ததும் கண் சுவரில் போய் நிற்கும். அப்புறம் பேச்சு படத்தைப் பற்றித்தான். எனக்கோ அதைக் கேட்கத்தான் ஆசை. பால்காரம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். “இவ்ளோ வைக்கோல் போர் இருக்குது, மாடுங்களை இன்னா பண்ணிட்டாங்க?” என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கும் அந்த மாடுகளின் கவலை. என் மாமியார் ஒரு தடவை வந்தவர், “தெரு பூரா கோலமாவு கொட்டிக் கெடக்குது, ஒரு வாசல்லயாவது நாலு புள்ளி வெச்சாங்களா பாரு,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். குத்து அந்த ஊர்ப் பொம்பளைகளுக்கில்லை, எனக்கு. அன்று காலையில் நான் அவசரத்தில் போட்ட கோலம் கோணலாகிவிட்டிருந்தது. அக்கா துக்கத்துக்கு நடுவிலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நாற்பது நாளுக்குப் பிறகு வரத்துக் கம்மியானது. நானும் படமும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மட்டும் ஆம்பூரிலிருந்து அக்காவின் அண்ணன் வருவார். தோல் மண்டியில் கட்டுக் கட்டி அனுப்புகிற வேலை. நல்ல மனிதர். வரும்போது பழம், மருந்து, பிள்ளைகள் அத்தைக்குக் கொடுத்தனுப்பிய மிட்டாய் என்று ஏதாவது கையில் இருக்கும். அவர் வந்தால் நான் சமையல்கட்டுக்குள் போய்விடுவேன். ஆனால் எங்கள் வீடுகளில் சுவர் என்ன மறைக்கும், எல்லாம் கேட்கும். அவர் சொல்வது ஒன்றேதான். இத்தா முடிந்த மறுநாள் ஆம்பூருக்கு வந்துவிட வேண்டும். மாடியறையைக் காலி பண்ணி வீட்டைப் பூட்டுவது, கடையை யாருக்காவது விட்டுவிடுவது. அங்கே பின்னறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறார். அண்ணியும் ரெடி, பிள்ளைகளும் ரெடி.

“ஒண்டியா இங்க எப்படிம்மா இருப்ப? பொழுது போனா யாரு கதவைத் தட்டுறாங்கன்னு யாரு போய்ப் பார்ப்பா?” என்பார். பிறகு அவரும் படத்தைக் காட்டுவார். “அந்தம்மாவைப் பாரு. குளிருல, சேத்துல எவ்ளோ நடந்திருக்கா. வீடு வந்துருச்சு. இனிமே அவளுக்கு இன்னா கவலை?”

அக்கா ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். பேசாமல் இருப்பதை அண்ணன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

அண்ணன் போன பிறகு அக்கா என்னிடம்தான் பேசுவார், அதுவும் நேராக இல்லை. “பஞ்சு அடிக்க ஆளு கெடைப்பாங்க. தைக்கிறதுக்குத்தான் இந்த ஊர்ல ஆளு இல்ல,” என்பார். அல்லது, “கடை சாவி துருப்பிடிச்சிருக்கும்,” என்பார். அண்ணன் கெட்டவராக இருந்திருந்தால் சுலபம். எதிர்த்துப் பேசலாம். பிரியத்தோடு வந்து கூப்பிடுகிறவரை என்ன சொல்லி நிறுத்துவது? பின்னறையை ஏன் வெள்ளையடித்தீர்கள் என்றா கேட்பது?

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு முன்னால் ஊரில் இருக்கிற லாட்ஜுகளெல்லாம் பழைய தலையணைகளைப் பிரித்துப் புதுப் பஞ்சு போடுவார்கள். வருடத்தில் அதுதான் மெத்தைக் கடைக்கு ஓயாத வேலை. இரண்டு லாட்ஜுகளிலிருந்து ஆள் வந்தது. ஆண்கள் என்பதால் அக்கா எதிரே வரவில்லை. என் மாமியார்தான் தெருவாசலில் நின்று கேட்டு உள்ளே வந்து சொன்னார். நூற்றைம்பது தலையணை, அக்கா கையால் தைத்த உறைதான் வேண்டும், வேறு ஆளிடம் போனால் ஆறு மாதத்தில் தையல் விடுகிறது. அக்கா கேட்டுக்கொண்டே மிஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். “இந்த வருஷம் இல்லைன்னு சொல்லிடுங்கம்மா,” என்றார். ‘இந்த வருஷம்’ என்றதை நான் அப்போது கவனிக்கவில்லை.

தீபத்தன்று சாயங்காலம் எங்கள் சந்தில் ஒரு குழந்தை குட்டி மிச்சமில்லை. மாமியார் உறவுக்காரர்களோடு போய்விட்டார். வீட்டுக்கு ஆள் வேண்டுமென்று என்னை விட்டுவிட்டுப் போனார். நான் பின்கதவு வழியாக அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றால் எதிர்வீட்டு மாடிச் சுவர் மலையின் உச்சியை மறைக்கும். ஊரே ஒரு குரலாகச் சத்தம் போட்டபோது தீபம் ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சுவருக்கு மேலே வானம் கொஞ்சம் சிவந்ததுதான். மலைக்கு அடியில் குடியிருந்துகொண்டு சத்தத்தை வைத்துத் தீபம் பார்த்தோம். அக்கா, “நானாவது இத்தாவுல இருக்கிறேன். நீ எதுல இருக்கிற?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மார்கழி முழுவதும் அக்கா படத்துக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பனி என்றால் காலையில் தலையில் இறங்குவது, எட்டு மணி வெயிலில் காணாமல் போவது. படத்துப் பனி போகவே போகாது. ஜன்னலுக்கு வெளியே மூட்டமாக இருக்கிற நேரத்தில் அந்த வெள்ளை இன்னும் வெளுப்பாகத் தெரியும். ஒருநாள் அக்கா சொன்னார்: “எனக்கு இவளைப் பார்த்தா பயமா இருக்குதும்மா. வாசல் எதிரே இருக்குது. ஜன்னல் எரியுது. பத்து கல்லு தாண்டினா வீடு. ஏன் நிக்கிறா?”

குளிருக்கு மரத்துப் போயிருக்கும் என்றேன் நான்.

“மரத்துப் போகல. அவளுக்கு உள்ள போக இஷ்டமில்ல,” என்றார் அக்கா. பிறகு உடனே, “சீ, நானே எதையாவது கட்டிக்கிட்டுப் பேசுறேன். படம்தானே,” என்று எழுந்துபோனார். அவள் வீட்டுக்குத்தான் வருகிறாள் என்பதில் அக்காவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதுதான் அவரை வதைத்தது. வருகிறவள் வந்துதானே ஆக வேண்டும். செங்கல் போட்டு வைத்திருக்கிறார்களே.

தை பிறந்தது. இத்தா முடிய நாலு நாள் இருக்கும்போது அண்ணன் வந்தார். அந்த வெள்ளிக்கிழமை கையில் பழம் இல்லை, கயிறும் கோணியும் இருந்தது. திங்கட்கிழமை மாட்டு வண்டி வரும், கனமான சாமான்கள் பஸ் ஸ்டாண்டு போய் லாரியில் ஏறும், அக்கா புதன்கிழமை அவரோடு காரில் வந்தால் போதும் என்றார். முதலில் மிஷினைக் கட்டினார். தலையைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி, மேஜையோடு சேர்த்துக் கோணி போட்டு மூடி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. தோல் கட்டுக் கட்டுகிற கை, ஒரு முடிச்சு போட்டால் லாரி கவிழ்ந்தாலும் அவிழாது. “அங்க போய் நீ தைக்கவே வேணாம், இருந்தாலும் உன் பொருள் உன்கிட்ட இருக்கட்டும்,” என்றார் பிரியமாக. சமையல்கட்டில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா, “சரிங்கண்ணா,” என்றார். நாலு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சரி அது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வண்டியோடு தானே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, அண்ணன் பிள்ளைகளுக்கு இடியாப்ப மாவு செய்து எடுத்துப்போக வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். அரிசியை இடித்து, சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்தோம். வறுத்த மாவை ஆறுவதற்காக முற்றத்தில் வெள்ளை வேட்டியை விரித்துப் பரப்பினோம். அக்கா மெத்தையில் பஞ்சு பரப்புகிற மாதிரி உள்ளங்கையால் நிரவிவிட்டார், ஒரு மேடு பள்ளம் இல்லை. நான் ஓரமாக உட்கார்ந்து, சல்லடையில் நின்ற கப்பியை மறுபடி சலித்துக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டாம் சட்டியை இறக்க உள்ளே போயிருந்தார்.

எங்கள் வீட்டுப் பூனை எனக்குப் பின்னாலேயே சின்னக் கதவு வழியாக வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அது மாவுக்குள் இறங்கி, யாருக்கும் அவசரமில்லாததுபோல நடுவரைக்கும் நடந்துவிட்டது. அக்கா சட்டியோடு வெளியே வந்து, “ஏய்,” என்றதும் ஒரு முன்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது.

அக்கா விரட்டவில்லை. சட்டியைக் கீழே வைத்தார். பூனைக்குப் பின்னால், கதவு ஓரத்திலிருந்து அது நிற்கிற இடம் வரைக்கும், குழி குழியாக ஒரு வரிசை. குழிக்குள் நிழல் விழுந்து கறுப்பாகத் தெரிந்தது. பூனைக்கு முன்னால் மாவு அக்கா நிரவினபடியே இருந்தது. அக்கா குனிந்து ஒரு குழியைத் தொட்டுப் பார்த்தார். பூனை வாலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறிப் போனது. நான் போச்சே மாவு என்று பதறி எழுந்தேன். அக்கா கூடத்துக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அப்போதுதான் அவர் படத்துக்கு முன்னால் நின்று, கல் இல்லை, கால் தடம் என்று சொன்னார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு திட்டு இடதுபக்கம், அடுத்தது வலதுபக்கம், மாறி மாறி இருந்தது. செங்கல்லை யாரும் அப்படிப் போட மாட்டார்கள். வாசல்படிக்குக் கிட்டே ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து திட்டு. கிளம்புவதற்கு முன்னால் அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். அதற்கப்புறம் இடைவெளி சரியாக இருந்தது. படல் வரைக்கும் இருந்த அந்த வெள்ளையில் ஒரு அடையாளமும் இல்லை, ஏனென்றால் அவள் இன்னும் அங்கே போகவில்லை. இத்தனை நாளும் வீட்டைப் பார்த்த முகம் என்று நாங்கள் நினைத்தது முதுகு.

“அடுப்பை எரியவிட்டுட்டா போறா?” என்று கேட்டேன். எனக்கு அவள் வீட்டைப் பற்றித்தான் கவலை வந்தது.

“அடுப்பு எரிஞ்சா இன்னா. திரும்பி வந்து சமைப்பா,” என்றார் அக்கா. “வேலைக்குப் போறாளா இருக்கும்.”

நான் அண்ணனை நினைத்துக்கொண்டேன். நாளைக்கு வண்டியோடு வந்து நிற்பாரே, அவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அக்கா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, மேஜைக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து மெத்தை தைக்கிற நீள ஊசியை எடுத்தார். கட்டிவைத்த மிஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கத்தரி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது, அதைத் தொடவில்லை. அண்ணன் போட்ட முதல் முடிச்சுக்குள் ஊசி முனையைச் செருகி, கயிறு பிரியாமல் நெம்பி நெம்பி இளக்கினார். பதினோரு முடிச்சு. ஒன்றையும் அறுக்காமல் அவிழ்த்தார். பிறகு கயிற்றை முழங்கையில் வைத்து ஒழுங்காகச் சுற்றி, அண்ணன் வந்ததும் எடுத்துப்போக வசதியாகத் தெருக்கதவுக்கு உள்பக்கம் வைத்துவிட்டு வந்து, கோணியை உரித்தார்.